பாக்ஸ் சுரங்கத்தில் ஒளிந்த இயந்திரங்கள்: பிரித்தானிய இரயில் ஆர்வலரிடையே வழங்கும் ஒரு கதையின் வரலாறு

1968ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரித்தானிய இரயில்வே, தன் முதன்மைத் தடங்களில் நீராவி இயந்திரம் பூட்டிய கடைசிப் பயணிகள் வண்டியை ஓட்டியது. லிவர்பூலில் புறப்பட்டு மான்செஸ்டர் வழியாகக் கார்லைலுக்குச் சென்று திரும்பிய அவ்வண்டிக்குக் கட்டணம் பதினைந்து கினி. ஆகவே அதற்குப் ‘பதினைந்து கினி வண்டி’ என்றே பெயர் அமைந்தது. மறுநாள் முதல், ஓரிரு விலக்குகள் நீங்கலாக, நீராவி இயந்திரங்கள் அத்தடங்களில் ஓடுவது தடை செய்யப்பட்டது. 1948இல் அரசுடைமையாக்கத்தின்போது பிரித்தானிய இரயில்வேக்கு வந்து சேர்ந்த ஏறத்தாழ 20,000 நீராவி இயந்திரங்களுள் பெரும்பாலானவை அதற்குள் பழைய இரும்பாகிவிட்டிருந்தன.

ஆவணங்கள் கூறும் வரலாறு இது. பிரித்தானிய இரயில் ஆர்வலரிடையே இதற்கு மாறான ஒரு வரலாறும் வழங்குகின்றது. எல்லா இயந்திரங்களும் வெட்டப்படவில்லை. நல்ல நிலையிலிருந்த சில பத்து இயந்திரங்களை அரசு இரவோடு இரவாக எங்கோ கொண்டு சென்று, எண்ணெய் பூசி, உறையிட்டு, மலைக்குள் மறைத்து வைத்துள்ளது. அணுகுண்டுப் போர் மூண்டு எண்ணெய் வரத்து அற்றுப்போகும் நாளில் அவை வெளியே வரும் என்பது அக்கதை. ‘ஸ்ட்ரேட்டஜிக் ரிசர்வ்’, அதாவது போர்க்காலச் சேமிப்பு, என்பது அதற்கு வழங்கும் பெயர். ஒளித்து வைத்த இடமாகப் பலவற்றைச் சொல்வர். அவற்றுள் பெரும்புகழ் பெற்றது வில்ட்ஷர் மாவட்டத்திலுள்ள பாக்ஸ் சுரங்கப்பாதையாகும்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக நாம் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்திலேயே இக்கதையை முதன்முதலில் கேட்டோம். ஆர்வலர்கள் தம் கைப்பொருள் கொண்டு நடத்தும் ஒரு பழைய இரயில் தடம். அதன் கொட்டகையில் முதியவர் ஒருவர் இயந்திரம் ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பழைய இயந்திரத்திற்கு மாற்றுப் பாகங்கள் எங்கே கிடைக்கின்றன என்று வினவினோம். “பாக்ஸ் மலைக்குள் வேண்டிய மட்டும் இருக்கின்றன, சாவிதான் எம்மிடம் இல்லை” என்றார். அருகிலிருந்தோர் சிரித்தனர். நாமோ அதனைக் குறிப்பேட்டில் கருத்தோடு எழுதிக்கொண்டோம். ஒரு திங்களுக்குப் பின்னர், பனிப்போர்க்காலப் போக்குவரத்துக் கொள்கை பற்றிய கருத்தரங்குக் கட்டுரையின் வரைவில் அதற்கு ஒரு பத்தியும் ஒதுக்கிவிட்டோம். வரைவைப் படித்த நூலகர் ஒருவர் அப்பத்தியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறிய இரயில் வண்டியை வரைந்து திருப்பித் தந்தார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அப்பத்தியை நீக்கினோம். ஆயினும் ஒரு வினா நம்மை விட்டு நீங்கவில்லை. சொல்வோர் பெரும்பாலும் நம்பாத ஒரு கதையை, அரை நூற்றாண்டாக அவர்கள் விடாமல் சொல்லிவருவது ஏன்? அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் யான் ஹெரால்டு புருன்வான்டு 1981இல் வெளியிட்ட நூலின்வழி, நகர்ப்புறக் கதைகள் ‘நண்பரின் நண்பருக்கு’ நேர்ந்தனவாகவே சொல்லப்படும் என்பது பரவலாக அறியப்பட்டது. நம் கதையும் அத்தகையதே. கண்டவர் எப்போதும் சொல்பவரின் மாமனாருடைய தோழர். அல்லது இரவுப் பணியில் இருந்த கைகாட்டிக் காவலர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இக்கதையைச் சொல்பவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே சொல்கிறார். நம்புபவரைப் பார்த்துச் சிரிக்கலாம். மறுப்பவரைப் பார்த்தும், “அப்படித்தான் நீர் சொல்லியாக வேண்டும்” என்று சிரிக்கலாம். நகைச்சுவையே இதற்குக் கவசமாகிவிட்டது.

கதைக்கு வித்தாக அமைந்த உண்மைகள் சில உள. 1955இல் வெளியான நவீனமயத் திட்டம் டீசலையும் மின்சாரத்தையும் நீராவிக்கு மாற்றாக அறிவித்தது. அறிவித்த பின்னரும் புதிய நீராவி இயந்திரங்கள் செய்யப்பட்டுக்கொண்டே இருந்தன. ‘ஒன்பது எஃப்’ என்னும் வகையைச் சேர்ந்த கனரக இயந்திரங்கள் 1954 முதல் 1960 வரை 251 செய்யப்பட்டன. அவற்றுள் இறுதியாக வந்த 92220ஆம் இயந்திரத்திற்கு ‘ஈவினிங் ஸ்டார்’, மாலை விண்மீன், என்று பெயரிட்டனர். (சித்தரஞ்சன் தொழிற்சாலை 1970இல் அகலப் பாதைக்கெனச் செய்த இறுதி நீராவி இயந்திரத்திற்கு ‘அந்திம் சிதாரா’, கடைசி விண்மீன், என்று பெயர் வைத்தது இங்கு நினைவுகூரத்தக்கது.) அந்த மாலை விண்மீன் ஐந்தே ஆண்டுகள் உழைத்து 1965இல் பணியிலிருந்து விலக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் ஓடக்கூடிய இயந்திரங்களை ஐந்து, ஆறு ஆண்டுகளில் உடைத்துவிட்டனர் என்பதை வரி செலுத்தும் எந்தக் குடிமகனாலும் ஏற்க இயலவில்லை. இவ்வளவு அறிவீனமாகவா ஓர் அரசு நடந்துகொள்ளும், இதற்குள் வேறு ஏதோ இருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. தம் அரசைத் தகுதிக்கு மீறி மதித்தவர்களே இக்கதையைப் படைத்தனர் என்று நமக்குச் சில நேரங்களில் தோன்றுவதுண்டு. மறைத்து வைத்தனர் என்பது, வீணடித்தனர் என்பதைவிட ஆறுதலான செய்தியன்றோ!

கதையின் கூறுகள் அனைத்தும் ஒரே காலத்தவை அல்ல. சுவடிப் பதிப்பில் பழகியவர் இதனை எளிதில் உணர்வர். 1956ஆம் ஆண்டுச் சூயசு நெருக்கடியில் எண்ணெய் தடைப்பட்டதையும், நிலக்கரி உள்நாட்டிலேயே கிடைப்பதையும் காரணமாகக் காட்டும் வடிவம் காலத்தோடு பொருந்துகின்றது. மற்றொரு வடிவம் அணுகுண்டு வெடிப்பின் மின்காந்த அலை டீசல் இயந்திரங்களின் மின்னணுக் கருவிகளை அழித்துவிடும், நீராவி இயந்திரமோ தப்பிவிடும் என்கிறது. 1960களின் டீசல் இயந்திரங்களில் அழியத்தக்க நுண்மின்னணுக் கருவிகள் ஏதும் இருந்தனவெனக் கொள்ள இடமில்லை. கணினிகள் எங்கும் புகுந்த பிற்காலத்தவர் ஒருவரே இக்காரணத்தைச் சேர்த்திருக்க வேண்டும். இடைச்செருகல் எனத் துணியலாம்.

கதை உண்மையாக இருத்தல் கூடுமா என்பதில் நெடிய விவாதம் தேவையில்லை. ஒன்பது எஃப் இயந்திரம் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். அறுபது இயந்திரங்களை வரிசையாக நிறுத்த 1.2 கிலோமீட்டர் பாதை வேண்டும். ஈரம் கசியும் சுரங்கத்தில் கொதிகலன் துருவேறாமல் இருப்பதற்கு ஆண்டுதோறும் ஆள்கள் சென்று பேண வேண்டும். மேலும் நீராவி இயந்திரம் தனித்து இயங்குவதன்று. தண்ணீர்த் தொட்டி, கரி ஏற்றும் மேடை, இயந்திரத்தைத் திருப்பும் வட்டமேடை, அடுப்பில் கரி போடுவதைக் கைப்பழக்கமாகக் கொண்ட தொழிலாளர் ஆகிய அனைத்தும் வேண்டும். 1960களில் இயந்திரங்களோடு இவையும் அழிக்கப்பட்டன. குதிரையை ஒளித்து வைத்துவிட்டு, புல்வெளியையும் லாயத்தையும் விற்றுவிட்டவர் எவரும் இலர்.

ஆயினும் பாக்ஸ் என்னும் இடத்தைக் கதை தேர்ந்தெடுத்தது தற்செயலன்று. பிரூனல் அமைத்த அச்சுரங்கப்பாதை 1841இல் திறக்கப்பட்டது. நீளம் சற்றொப்ப மூன்று கிலோமீட்டர். பிரூனலின் பிறந்த நாளில் உதிக்கும் ஞாயிற்றின் கதிர் அதனை ஊடுருவிச் செல்லும் என்ற பழைய நம்பிக்கை வேறு உண்டு. கதைகளை ஈர்க்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. அதன் கிழக்கு வாயிலின் அருகே சிறிய வாயில் ஒன்று இன்றும் காணப்படுகின்றது. இலண்டன் வண்டியில் அமர்ந்திருப்பவர் ஒரு நொடி அதனைக் காணலாம். அவ்வாயில் வழியாக ஒரு பாதை உண்மையிலேயே மலைக்குள் சென்றது. அங்கிருந்த பழைய கல்லுடைப்புச் சுரங்கங்களை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைத்துறை வெடிபொருள் கிடங்காக்கியது. நிலத்தடியில் இரயில் மேடையும் கட்டியது. அவ்வூர் மக்கள் இரவில் வண்டிகள் மலைக்குள் செல்வதைக் கண்டிருப்பர். எனவே ‘கண்டேன்’ என்றவர் பொய்யுரைக்கவில்லை. அவர் கண்ட காலமும் கண்ட பொருளும் பின்னர் வந்தவர் வாயில் மாறிவிட்டன.

இதனினும் பெரிய உண்மை ஒன்று அருகிலேயே இருந்தது. கார்ஷம் ஊருக்கு அடியில், நிலமட்டத்திற்கு ஏறத்தாழ நூறு அடிக்குக் கீழ், 1950களின் பிற்பகுதியில் ஒரு நகரமே அமைக்கப்பட்டது. ‘பர்லிங்டன்’ என்பது அதன் மறைபெயர்களுள் ஒன்று. அணுகுண்டுப் போர் மூண்டால் தலைமை அமைச்சரும் அமைச்சரவையும் உட்பட 4,000 பேர் அங்கிருந்து ஆட்சி நடத்துவதற்காக 35 ஏக்கர்ப் பரப்பில் படுக்கைகள், சமையற்கூடங்கள், தொலைபேசி நிலையம் யாவும் அமைந்தன. 2004ஆம் ஆண்டிறுதி வரை அது அரசின் மறைபொருளாகவே வைக்கப்பட்டிருந்தது. மலைக்குள் ஏதோ இருக்கிறது என்றவர்கள் நாற்பது ஆண்டுகளாக மெய்யே சொன்னார்கள். இயந்திரங்கள் என்று சொன்னதுதான் பிழை, இருந்தவை நாற்காலிகள்.

1963ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தை இங்குச் சற்று நின்று நோக்க வேண்டும். மார்ச்சு 27ஆம் நாள் டாக்டர் பீச்சிங் தம் அறிக்கையை வெளியிட்டார். 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் தடத்தையும் மூடப் பரிந்துரைத்த அறிக்கை அது. மூன்று வாரத்திற்குள் ஈஸ்டர் விடுமுறை வந்தது. அணுகுண்டு எதிர்ப்பாளர்கள் ஆல்டர்மாஸ்டனிலிருந்து இலண்டனுக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒரு துண்டு நூல் அவர்கள் கையில் தரப்பட்டது. ‘அமைதிக்கான ஒற்றர்கள்’ எனத் தம்மை அழைத்துக்கொண்ட குழுவினர் அதனை அச்சிட்டிருந்தனர். போர்க்காலத்தில் மண்டல ஆட்சி நடத்துவதற்கென அரசு மறைவாக நிலவறைகள் கட்டியிருப்பதை அந்நூல் அம்பலப்படுத்தியது. ஊர் நிலையத்தை மூடப்போகிறவர்களும், தமக்கு மட்டும் நிலவறை கட்டிக்கொண்டவர்களும் ஒருவரே என்பதை மக்கள் ஒரே திங்களுக்குள் அறிந்தனர். இவ்விரண்டையும் ஒரு கதைக்குள் கொண்டு வந்தால் அது போர்க்காலச் சேமிப்புக் கதையாகத்தான் இருக்கும். இது நம் ஊகமே எனினும், கதையின் இரு இழைகளும் இவ்வளவு நெருங்கி நின்ற வேறொரு பொழுதை நாம் அறியோம்.

இனி, கதையின் உயிர்நிலைக்கு வருவோம். பிரித்தானிய ஆர்வலருக்கு இயந்திரம் என்பது ஒரு வகையன்று; ஓர் எண். சதர்ன் இரயில்வேயில் எழுத்தராக இருந்த இயன் ஆலன் 1942இல் தம் நிறுவனத்து இயந்திரங்களின் எண்களைச் சிறு கைந்நூலாக அச்சிட்டார். பிற நிறுவனங்களுக்கும் அத்தகைய நூல்கள் தொடர்ந்தன. போருக்குப் பின் ஒரு தலைமுறைச் சிறுவர் இந்நூல்களைக் கையில் ஏந்தி மேடை முனைகளில் நின்று, கண்ட எண்ணின் கீழ்க் கோடிட்டனர். கோடிடாத எண், காணாத இயந்திரம். அவர்கள் வளர்ந்தபோது வேறொரு பட்டியல் தேவையாயிற்று: எந்த எண் எந்நாளில் எந்த இரும்புக் கிடங்கில் வெட்டப்பட்டது? அதற்கும் நூல்கள் வந்தன. ஆனால் அவற்றில் பிழைகள் மலிந்திருந்ததைப் பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். ஓரிடத்தில் வெட்டப்பட்டதாக எழுதப்பட்ட இயந்திரம் வேறோரிடத்தில் வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு பிழையும் கதைக்கு ஒரு வாயிலாயிற்று. இறப்புப் பதிவில் ஊர் மாறியிருந்தால் ஆள் உயிரோடிருக்கலாம் அல்லவா?

இவ்விடத்தில் நம் வரலாறு ஒன்று குறுக்கிடுவதைத் தவிர்க்க இயலவில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண இரயில்பாதை 1943இல் முடிவுற்றது. அப்பாதையில் ஓடிய சி56 வகையைச் சேர்ந்த 31ஆம் இயந்திரம் 1979இல் ஜப்பானுக்குத் திரும்பியது. தோக்கியோவில் ஒரு காட்சியகத்தில் எண் பலகையோடு நிற்கின்றது. அப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு மாண்ட பல்லாயிரம் தமிழருக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. எத்தனை பேர் என்பதிலேயே மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. திரும்பாதவர் சயாமிலேயே குடும்பத்தோடு வாழ்கிறார் என்ற கதைகளை முதியோர் சிலர் வாய்வழி நாமும் கேட்டதுண்டு. நூலகரின் பென்சில் படம் அப்போதெல்லாம் நினைவுக்கு வரும். அக்கதைகளின் ஓரத்தில் எதையும் வரைய நமக்குத் துணிவு வந்ததில்லை. வாய்மொழி வரலாறு திரட்ட மாணவரை அனுப்பும் ஆசிரியர்கள், ‘இது உண்மையா’ என்னும் வினாவை மட்டுமே அவர்கள் கையில் கொடுத்தனுப்பினால், அவர்கள் வெறுங்கையோடு திரும்புவர்.

பிற நாடுகளின் நிலையும் நோக்கத்தக்கது. ஸ்வீடனும் சோவியத்து ஒன்றியமும் பனிப்போர்க் காலத்தில் நீராவி இயந்திரங்களைப் போர்க்காலச் சேமிப்பாக உண்மையிலேயே பல்லாண்டுகள் வைத்திருந்தன. ஆகவே எண்ணம் பித்துக்கொள்ளித்தனமானதன்று. பிரித்தானியா அதனைச் செய்யவில்லை, அவ்வளவே. போலந்தில் நடந்தது வேறு வகை. நாசிகள் பொன்னேற்றி மறைத்த வண்டி ஒன்று வாவ்ப்ஷிக் நகருக்கு அருகே புதைந்துள்ளது என்று இருவர் 2015இல் அறிவித்தனர். பண்பாட்டுத் துணை அமைச்சரே 99 விழுக்காட்டுக்கு மேல் உறுதி என்றார். அவ்வாண்டு திசம்பரில் கிராக்கோ நகர அறிவியலாளர்கள் ஆய்ந்து, வண்டி ஏதும் இல்லை என்றனர். 2016இல் தோண்டியும் பார்த்தாயிற்று, மண்ணே கிடைத்தது. அங்குச் சிரிப்பு இல்லை, பொன் இருந்தது. பொன் நுழைந்த கதையில் மண்வெட்டியும் நுழைந்துவிடுகின்றது. பாக்ஸ் மலையைத் தோண்ட வேண்டும் என்று எந்த ஆர்வலரும் இயக்கம் நடத்தியதாக நாம் அறியோம்.

அவர்கள் தோண்டியது வேறிடத்தில். தென் வேல்சின் பாரி துறைமுக நகரில் டை வுட்ஹாம் என்பவரின் இரும்புக் கிடங்கு இருந்தது. பிரித்தானிய இரயில்வே விலக்கிய நீராவி இயந்திரங்களுள் 297 அவரிடம் வந்து சேர்ந்தன. பிற கிடங்குகள் இயந்திரங்களை உடனுக்குடன் வெட்டிக்கொண்டிருந்தபோது, அவர் சரக்குப் பெட்டிகளை முதலில் வெட்டினார். அவை எளிது, விரைவில் காசாகும். இயந்திரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார். அந்தப் ‘பிறகு’ இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. மறைவு ஏதுமில்லை, காவல் ஏதுமில்லை. கடற்காற்றில் துருவேறி, வரிசை வரிசையாக, விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் கண்டு செல்லுமாறு அவை நின்றன. ஆர்வலர்கள் குழு குழுவாகப் பணம் திரட்டி ஒவ்வொன்றாக வாங்கினர். 1968இல் முதலாவது வெளியேறியது. 1990இல் கடைசி வெளியேறியது. மீண்டவை 213. இன்று எஞ்சியுள்ள ஒன்பது எஃப் இயந்திரங்கள் ஒன்பது. அவற்றுள் ஏழு பாரியின் துருவிலிருந்து வந்தவை. கதையில் அரசு மலைக்குள் பூட்டி வைத்த அதே இயந்திரங்களை, ஓர் இரும்பு வணிகரின் காலத்தாழ்வு திறந்த வெளியில் காத்துத் தந்தது.

பாரியிலும் கிடைக்காத வகைகள் உண்டு. ‘ஏ1’ என்னும் விரைவு இயந்திரங்கள் 49 செய்யப்பட்டன, ஒன்றும் மிஞ்சவில்லை. இறுதியாக நின்ற ஒன்றையாவது காப்பாற்ற 1966இல் எடுத்த முயற்சியும் கைகூடவில்லை. இவ்வகைதான் கதைக்கு மிகவும் ஏற்றது; முற்றாக அழிந்ததே மறைந்திருக்க முடியும். ஆனால் 1990இல் ஒரு குழுவினர் வேறொரு முடிவுக்கு வந்தனர். அதனைப் புதிதாகவே செய்துவிடுவது என்பது அம்முடிவு. பழைய வரைபடங்களைத் தேடி எடுத்தனர். பொதுமக்களிடம் சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டினர். டார்லிங்டன் நகரில் வேலை நடந்தது. அத்தகைய கொதிகலனைச் செய்வதற்குரிய பட்டறை பிரித்தானியாவில் இல்லாமற்போனமையால், அதனை ஜெர்மனியின் மைனிங்கன் நகரில் செய்வித்தனர். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2008இல், ‘டார்னேடோ’ என்னும் பெயரோடு அது தண்டவாளத்தில் ஏறியது. பழைய நாற்பத்தொன்பதும் 60114 முதல் 60162 வரையிலான எண்களைத் தாங்கியிருந்தன. புதியதற்கு அவர்கள் எழுதிய எண் 60163.